கைபேசிப் பணத்தின் வணிக வரலாறு: கென்யாவின் எம்-பெசாவும் இந்தியாவின் யுபிஐயும்

கைபேசி வழியாகப் பணத்தைச் சேமித்தல், அனுப்புதல், பெறுதல், கடைகளில் செலுத்துதல் ஆகிய சேவைகள் பொதுவாகக் கைபேசிப் பணம் என அழைக்கப்படுகின்றன. கைபேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ வெளியிட்ட கணக்குப்படி, 2023 முடிவில் உலகெங்கும் ஏறத்தாழ 175 கோடி கைபேசிப் பணக் கணக்குகள் பதிவாகியிருந்தன. இந்தச் சேவையின் வரலாற்றில் இரு நாடுகள் தனியிடம் பெறுகின்றன. ஒன்று, 2007-இல் எம்-பெசா தொடங்கப்பட்ட கென்யா. மற்றொன்று, 2016-இல் யுபிஐ தொடங்கப்பட்ட இந்தியா.

இரண்டும் மக்களிடையே பெருவெற்றி பெற்றவை. ஆனால் தொழில் என்ற முறையில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். கென்யாவில் ஒரு தொலைபேசி நிறுவனம் பரிமாற்றக் கட்டணம் பெற்றுப் பெரும் லாபம் ஈட்டியது. இந்தியாவில் பரிமாற்றத்துக்குக் கட்டணமே இல்லை. அந்தச் செலவை வங்கிகளும் அரசும் செயலி நிறுவனங்களும் சுமக்கின்றன. கைபேசியும் குறுஞ்செய்தியும் எங்கும் ஒன்றுதான். அப்படியிருக்க இந்த வேறுபாடு எவ்வாறு ஏற்பட்டது? மக்களின் பணத்தை யார் வைத்துக்கொள்ளலாம், ரொக்கத்தை யார் மாற்றித் தரலாம் என்ற இரு கேள்விகளுக்கு அந்தந்த நாட்டின் நடுவண் வங்கி அளித்த விடையே இதற்குக் காரணம்.

மூன்று சேவைகள், மூன்று வருவாய் வழிகள்

பேச்சு வழக்கில் ஒன்றாகக் கருதப்பட்டாலும், கைபேசி வங்கியியல், கைபேசிப் பணம், கைபேசிக் கொடுப்பனவு ஆகியவை வேறு வேறானவை.

கைபேசி வங்கியியல் என்பது ஏற்கெனவே வங்கிக் கணக்கு உள்ளவருக்கு அந்தக் கணக்கைக் கைபேசியில் திறந்து காட்டுவது. இருப்பு பார்ப்பது, கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றுவது போன்றவை இதில் அடங்கும். இதனால் வங்கிக்குக் கிடைப்பது பெரும்பாலும் புதிய வருவாய் அன்று. கிளைகளில் ஆகும் செலவு மிச்சமாகிறது.

குறுகிய பொருளில் கைபேசிப் பணம் என்பது வங்கிக் கணக்கே இல்லாதவருக்கானது. கைபேசி எண்ணே கணக்கு எண். தெருமுனைக் கடைக்காரரிடம் ரொக்கம் கொடுத்தால் கைபேசியில் மின்பணமாக ஏறும். வேறோர் ஊரில் வேறொரு கடைக்காரரிடம் அதை மீண்டும் ரொக்கமாக எடுக்கலாம். அனுப்புவதற்கும் எடுப்பதற்கும் பெறும் கட்டணமே இதன் வருவாய்.

கைபேசிக் கொடுப்பனவு என்பது கடைக்காரருக்குப் பணம் செலுத்துவது. கடன் அட்டைகளைப் போலவே, விற்பனைத் தொகையில் ஒரு சிறு விழுக்காட்டைக் கடைக்காரரிடம் பெறுவது இதன் மரபான வருவாய் வழி. இது வணிகர் தள்ளுபடிக் கட்டணம் எனப்படும்.

கைபேசிக்கு முன்

நகரத்தில் உழைப்பவர் ஊரில் இருக்கும் குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் தேவை பழமையானது. இந்தியாவில் அஞ்சல் துறை 1880-இல் மணியார்டர் சேவையைத் தொடங்கியது. பிற்காலத்தில் அதற்கு நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய், அதாவது ஐந்து விழுக்காடு கட்டணம் பெறப்பட்டது. தபால்காரர் வீட்டு வாசலில் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கையொப்பமோ கைநாட்டோ வாங்கிச் செல்வார். கென்யாவில் அஞ்சலகப் பணவிடையோடு, நெடுந்தொலைவுப் பேருந்து நிறுவனங்களிடமும் ஓட்டுநர்களிடமும் உறையில் பணம் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்தது. அந்தப் பணம் வழியில் தொலையலாம், தாமதமாகலாம், திருடும் போகலாம்.

கைபேசியைப் பணத்துக்குப் பயன்படுத்தும் முயற்சி முதலில் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்தது. அங்கு ஸ்மார்ட் நிறுவனம் ஸ்மார்ட் மணி என்ற சேவையைத் தொடங்கியது; 2004-இல் குளோப் நிறுவனத்தின் ஜிகேஷ் வந்தது. ஆப்பிரிக்காவிலோ எந்த நிறுவனமும் திட்டமிடாமல் மக்களே ஒரு வழியைக் கண்டிருந்தனர். 2000-களின் தொடக்கத்தில் உகாண்டா, கானா, போட்ஸ்வானா ஆகிய நாடுகளில், முன்கட்டணப் பேச்சு நேரத்தை உறவினர் எண்ணுக்கு அனுப்புவதும், பெற்றவர் அதை விற்று ரொக்கமாக்கிக்கொள்வதும் நடந்தன. பேச்சு நேரம் பணத்தின் வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது.

எம்-பெசாவின் தோற்றம்

பெசா என்பது சுவாகிலி மொழியில் பணத்தைக் குறிக்கும் சொல். இந்தியாவின் பைசா என்ற சொல்லே கடல்வழி வணிகத்தில் கிழக்காப்பிரிக்கா சென்று பெசா ஆயிற்று. முன்னுள்ள எம் என்ற எழுத்து மொபைலைக் குறிக்கிறது.

வோடபோன் நிறுவனத்தின் நிக் ஹியூஸ் 2003-இல் முன்வைத்த கருத்துருவுக்கு, பிரிட்டன் அரசின் பன்னாட்டு வளர்ச்சித் துறை ஒரு போட்டி நிதியிலிருந்து உதவி வழங்கியது. வோடபோனும் இணையான பங்கைச் செலவிட்டது. கென்யாவில் களப்பணியைச் சூசி லோனி நடத்தினார். வோடபோன் பங்கு வைத்திருந்த சபாரிகாம் என்ற கென்ய நிறுவனம், ஃபவுலு என்ற குறுங்கடன் அமைப்பு, கமர்ஷியல் பேங்க் ஆஃப் ஆப்பிரிக்கா என்ற வங்கி ஆகியவை பங்கேற்றன. சோதனை 2005 அக்டோபரில் நைரோபியிலும் அருகிலுள்ள திக்கா நகரிலும் தொடங்கியது. முகவர்கள் எட்டுப் பேர். வாடிக்கையாளர்கள் ஐந்நூறு பேருக்கும் குறைவு.

சோதனையின் நோக்கம் பணம் அனுப்புவது அன்று. குறுங்கடன் வாங்கியவர்கள் தவணையைக் கைபேசியில் கட்ட வேண்டும் என்பதே திட்டம். ஃபவுலு அமைப்புக்கு அது பொருந்தவில்லை. கையால் எழுதிய அதன் கணக்குப் புத்தகங்களோடு மின்கணக்கு ஒத்துப்போகவில்லை. கடன்காரர்கள் வாராந்தரக் கூட்டத்துக்கு வருவது தவறினால், ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் குழு முறையே தளர்ந்துவிடும் என்ற கவலையும் இருந்தது.

ஆனால் வாடிக்கையாளர்கள் இந்தச் சேவையை வேறு பல வகைகளில் பயன்படுத்தினர். பயணத்துக்கு முன் ஓரூரில் பணத்தைப் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததும் அங்கே எடுத்துக்கொண்டனர். வழிப்பறிக்கு அஞ்ச வேண்டியதில்லை. வங்கி மூடிய பிறகும் முகவர் கடை திறந்திருந்ததால், வணிகர்கள் அன்றைய வசூலை இரவில் அதில் போட்டு வைத்தனர். ஊரில் இருந்த உறவினருக்குப் பேச்சு நேரம் வாங்கிக் கொடுத்தனர். ஒருவர் தவணையை மற்றவர் கட்டினார். இவற்றைக் கவனித்த சபாரிகாம், மைக்கேல் ஜோசப் தலைமையில், கடன் தவணைத் திட்டத்தைக் கைவிட்டது. 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்' என்ற ஒரே முழக்கத்தோடு 2007 மார்ச் 6 அன்று எம்-பெசா நாடு முழுவதும் தொடங்கப்பட்டது.

அந்நாளில் கென்யாவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே வங்கிக் கணக்கு இருந்தது. எம்-பெசாவுக்கு இணையம் தேவையில்லை. சிம் அட்டையிலேயே பதிந்த பட்டியலிலிருந்து தெரிவு செய்து, எண்ணும் தொகையும் மறைஎண்ணும் இட்டால், சில நொடிகளில் இருவருக்கும் குறுஞ்செய்தி வரும். மிகவும் மலிவான கைபேசியிலும் இது இயங்கியது. 2009 ஆகஸ்டில் கணக்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 77 லட்சம். 2008 தொடக்கத்தில், தேர்தலுக்குப் பிந்தைய வன்முறையின்போது, சாலைகள் அடைபட்ட பகுதிகளில் சிக்கியவர்களுக்குப் பணமும் பேச்சு நேரமும் அனுப்ப இதுவே வழியாயிற்று. சேவையின் மீதான நம்பிக்கை அதனால் வளர்ந்தது.

தொடக்கக் கட்டணம் எளிமையானது. பணம் போடுவது இலவசம். 100 முதல் 35,000 ஷில்லிங் வரை எவ்வளவு அனுப்பினாலும் 30 ஷில்லிங். 2,500 வரை எடுப்பதற்கு 25 ஷில்லிங். இதன்படி 1,000 ஷில்லிங் அனுப்பி எடுக்க மொத்தம் 55 ஷில்லிங், அதாவது ஐந்தரை விழுக்காடு ஆனது. மணியார்டர் கட்டணத்தைவிட இது மலிவன்று. ஆயினும் மணியார்டர் சில நாட்களில் செய்ததை இது சில நொடிகளில் செய்தது. 100 ஷில்லிங் அனுப்புபவருக்கோ இதே கட்டணம் பாதிக்கு மேல். மிகச் சிறிய தொகைகளுக்கான குறைந்த கட்டணங்கள் பின்னரே வந்தன.

முகவர் என்னும் அச்சாணி

எம்-பெசாவின் வணிகத்தைத் தாங்கியவர்கள் முகவர்கள். மளிகைக் கடை, மருந்துக் கடை, பெட்ரோல் நிலையம், பேச்சு நேரம் விற்கும் சிறு கடை ஆகியவற்றின் உரிமையாளர்களே முகவர்களாயினர். பேச்சு நேர விற்பனைக்காக இத்தகைய கடைகளோடு சபாரிகாம் ஏற்கெனவே தொடர்பு வைத்திருந்தது. 2010-இல் முகவர்களின் எண்ணிக்கை 16,000-ஐக் கடந்தது. நாட்டிலிருந்த வங்கிக் கிளைகளைவிட இது பல மடங்கு அதிகம்.

முகவர் இரு வகை இருப்பு வைத்திருக்க வேண்டும்: பெட்டியில் ரொக்கம், கைபேசியில் மின்பணம். வாடிக்கையாளர் ரொக்கம் போட்டால் முகவரின் மின்பணம் குறைந்து ரொக்கம் கூடும். எடுத்தால் அதன் எதிர்நிலை. நகர முகவரிடம் பெரும்பாலும் பணம் போடுவோர் வருவதால் மின்பணம் தீரும். கிராம முகவரிடம் எடுப்போர் வருவதால் ரொக்கம் தீரும். எனவே நகரத்தில் சேரும் ரொக்கம் திரும்பத் திரும்பக் கிராமத்துக்குக் கொண்டு செல்லப்பட வேண்டும். பணம் மின்னணு வடிவில் நொடியில் பறந்தாலும், அதன் பின்னால் ரொக்கப் பையோடு ஒருவர் பேருந்தில் பயணம் செய்யத்தான் வேண்டியிருந்தது. அந்தப் பயணச் செலவும் முடங்கிய முதலுக்கான ஈடும் முகவரின் தரகுத்தொகையிலிருந்தே கிடைக்க வேண்டும். சபாரிகாம் கட்டணத்தில் கணிசமான பங்கை முகவர்களோடு பகிர்ந்துகொண்டதால் அவர்கள் நிலைத்தனர். கட்டணம் இருந்ததால் தரகு இருந்தது. தரகு இருந்ததால் ஊர்தோறும் கடை இருந்தது.

வங்கிகளின் எதிர்ப்பு

வங்கி அல்லாத ஒரு நிறுவனம் மக்களின் பணத்தைப் பெறலாமா என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. கென்ய நடுவண் வங்கி இதை ஆராய்ந்தது. எம்-பெசா வட்டி தருவதில்லை. பெற்ற பணத்தைக் கடனாகக் கொடுப்பதுமில்லை. மின்பணம் முழுமைக்கும் ஈடான தொகை அறங்காவல் கணக்கில் வங்கியில் இருக்கிறது. சபாரிகாம் திவாலானாலும் அதன் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. எனவே இது வங்கித் தொழில் அன்று என்று கருதி, 2007 பிப்ரவரியில் மறுப்பில்லாக் கடிதம் ஒன்றை நடுவண் வங்கி வழங்கியது. தனிச் சட்டம் அப்போது இல்லை.

எம்-பெசா வேகமாக வளர்ந்ததும் வங்கிகள் அரசிடம் முறையிட்டன. 2008 டிசம்பரில் பொறுப்பு நிதியமைச்சர் ஜான் மிச்சுக்கி இந்தச் சேவையைத் தணிக்கை செய்ய ஆணையிட்டார். 2009 ஜனவரியில் வெளியான முடிவு, சேவை பாதுகாப்பானது, சட்டத்துக்கு உட்பட்டது என்று அறிவித்தது. தேசியக் கொடுப்பனவு முறைகள் சட்டம் 2011-இல்தான் வந்தது. அதன் விதிகள் 2014-இல் வந்தன. தொழில் முன்னே செல்ல, சட்டம் பின்னே வந்தது.

பின்னர் வங்கிகள் எதிர்ப்பைக் கைவிட்டுக் கூட்டுச் சேர்ந்தன. 2012 நவம்பரில் கமர்ஷியல் பேங்க் ஆஃப் ஆப்பிரிக்காவும் சபாரிகாமும் எம்-ஷ்வாரி என்ற சேமிப்பு, கடன் சேவையைத் தொடங்கின. கைபேசிப் பயன்பாட்டு விவரங்களைக் கொண்டு ஒருவரின் கடன் தகுதி மதிப்பிடப்பட்டது. 30 நாள் கடனுக்கு 7.5 விழுக்காடு கட்டணம்.

வெற்றியும் அதன் விலையும்

எம்-பெசாவின் சமூகப் பயனைப் பொருளியலாளர்களான தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். பயிர்ச்சேதம், நோய், வேலையிழப்பு போன்ற இடர் வரும்போது, எம்-பெசா பயன்படுத்தாத குடும்பங்களின் நுகர்வு குறைந்தது. பயன்படுத்திய குடும்பங்கள் தொலைவிலிருந்த உறவினரின் உதவி உடனே கிடைத்ததால் சமாளித்தன என்று அவர்கள் கண்டனர். ஏறத்தாழ 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 விழுக்காடு, கடும் வறுமையிலிருந்து மீள இது உதவியது என்று 2016-இல் வெளியான அவர்களின் ஆய்வு மதிப்பிட்டது. பெண்கள் பலர் வேளாண்மையிலிருந்து சிறு வணிகத்துக்கு மாறியதையும் அது சுட்டியது.

வணிக வெற்றியும் பெரியது. இன்று சபாரிகாமின் சேவை வருவாயில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் எம்-பெசாவிலிருந்தே வருகிறது. ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. சபாரிகாமின் முகவர்கள் போட்டி நிறுவனங்களுக்குப் பணியாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு 2014 வரை நீடித்தது. ஒரு நிறுவனத்தின் கணக்கிலிருந்து மற்றொரு நிறுவனத்தின் கணக்குக்கு நேரடியாக அனுப்பும் வசதி 2018-இல்தான் வந்தது. அதற்குள் சந்தை பெரும்பாலும் ஒரே நிறுவனத்திடம் சேர்ந்துவிட்டது. அரசும் இதை வருவாயாகக் கண்டு, 2013-இல் பரிமாற்றக் கட்டணத்தின் மீது 10 விழுக்காடு கலால் வரி விதித்தது. பின்னர் அதை உயர்த்தியது. எளிதில் கிடைத்த கைபேசிக் கடன்களால் பலர் கடன் சுமையில் சிக்கினர். கைபேசிக் கடன் நிறுவனங்கள் நடுவண் வங்கியின் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் 2021-இல் வந்தது.

கோவிட் காலம் கட்டணத்தின் சுமையை வெளிப்படுத்தியது. ரொக்கம் தொடுவதைக் குறைக்க, 2020 மார்ச் முதல் ஆண்டு இறுதி வரை 1,000 ஷில்லிங்குக்கு உட்பட்ட பரிமாற்றங்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. சிறு தொகைப் பரிமாற்றங்கள் பெருகின. ஏழை மக்கள் கட்டணத்துக்கு அஞ்சி அதுவரை அனுப்பாமல் இருந்த பணம் எவ்வளவு என்பதை அது காட்டியது.

பிற நாடுகளில் எம்-பெசா

கென்ய வெற்றியைக் கண்டு வோடபோன் குழுமம் பல நாடுகளில் இதே சேவையைத் தொடங்கியது. தான்சானியாவில் 2008-இல் தொடங்கியபோது மெதுவாகவே வளர்ந்தது. மக்கள் பரந்து வாழும் நாட்டில் முகவர் வலையைக் கட்ட நாளாயிற்று. தென்னாப்பிரிக்காவில் 2010-இல் நெட்பேங்க் வங்கியோடு தொடங்கிய சேவை 2016-இல் மூடப்பட்டது. அங்கே பெரும்பாலோருக்கு ஏற்கெனவே வங்கிக் கணக்கு இருந்தது. புதிய சேவைக்கான தேவை குறைவு. இந்தியாவில் ஐசிஐசிஐ வங்கியோடு 2013-இல் தொடங்கிய வோடபோன் எம்-பெசா 2019-இல் நிறுத்தப்பட்டது. கென்யாவைவிடப் பல மடங்கு பெரிய சந்தையில், அதே நிறுவனம், அதே தொழில்நுட்பத்தோடு வந்தும் ஏன் நிலைக்கவில்லை என்பதை அறிய இந்தியாவின் விதிகளைப் பார்க்க வேண்டும்.

இந்தியா: வங்கி வழியே மட்டும்

இந்தியாவில் கைபேசிக் கொடுப்பனவுக்கான தொழில்நுட்ப, பாதுகாப்பு விதிகளை வகுக்க, சென்னை ஐஐடியும் ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனமும் இணைந்து 2006-இல் இந்திய மொபைல் பேமென்ட் ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கின. 2008 அக்டோபரில் இந்திய ரிசர்வ் வங்கி கைபேசி வங்கியியலுக்கான முதல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உரிமம் பெற்ற வங்கிகள் மட்டுமே, தம் கணக்குதாரர்களுக்கு மட்டுமே, ரூபாயில் மட்டுமே இந்தச் சேவையை வழங்கலாம் என்று அவை கூறின. நாளொன்றுக்குப் பணப் பரிமாற்ற வரம்பு 5,000 ரூபாய். பொருள் வாங்க 10,000 ரூபாய். இந்த வரம்பு 2009 டிசம்பரில் 50,000 ஆக உயர்ந்தது, 2011-இல் நீக்கப்பட்டது.

தொலைபேசி நிறுவனங்களும் பிறரும் மின்பணப்பை வெளியிட 2009-இல் இடம் தரப்பட்டது. ஆனால் ஒரு தடை இருந்தது: வங்கி அல்லாதோர் வெளியிடும் பணப்பையிலிருந்து ரொக்கம் எடுக்க முடியாது. அதைக் கொண்டு பேச்சு நேரம் வாங்கலாம், கட்டணம் கட்டலாம். ஆனால் திருப்பூரில் வேலை செய்பவர் ஊரிலிருக்கும் தாய்க்கு அனுப்பினால், தாய் அதைக் கையில் வாங்க வழியில்லை. கென்யாவில் முழுத் தொழிலும் நின்றது இந்த ஒரு செயலின் மீதுதான். ரொக்கம் தரவேண்டுமானால் வங்கியோடு சேர வேண்டும். அப்போது கட்டணத்தை வங்கி, தொலைபேசி நிறுவனம், முகவர் என மூவர் பங்கிட வேண்டும்.

இந்தியாவில் வங்கி முகவர்களுக்கு 2006-இலேயே அனுமதி தரப்பட்டது. எனினும் தொடக்கத்தில் தொண்டு நிறுவனங்கள், அஞ்சலகங்கள் போன்றவையே முகவராகலாம். லாப நோக்குள்ள நிறுவனங்களுக்கு 2010-இல்தான் இடம் கிடைத்தது. நாடெங்கும் ரீசார்ஜ் விற்கும் கடைகள் பெருகியிருந்த ஆண்டுகளில், அந்தக் கடைகள் பெரும்பாலும் இந்தத் தொழிலுக்கு வெளியே இருந்தன.

ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைக்கு நியாயம் இருந்தது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டி ஏமாற்றிய நிதி நிறுவனங்களின் நீண்ட வரலாறு இந்தியாவில் உண்டு. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் அத்தகைய நிறுவனங்களில் சேமிப்பை இழந்த குடும்பங்கள் பல. மக்களின் பணம் வங்கியில்தான் இருக்க வேண்டும் என்ற கொள்கை அந்த அனுபவத்தோடு பொருந்துவது. ஆனால் அதனால் ஏற்பட்ட தாமதத்தின் சுமை வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் மீதே விழுந்தது.

வங்கிகளுக்கிடையே பொதுவான அமைப்பாக இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2008-இல் நிறுவப்பட்டது. அதன் ஐஎம்பிஎஸ் சேவை 2010 நவம்பரில் தொடங்கியது. ஞாயிறு, இரவு என்ற வேறுபாடின்றி உடனடிப் பரிமாற்றம் செய்த இது தொழில்நுட்பத்தில் பெரிய முன்னேற்றம். ஆனால் கைபேசி எண்ணுக்கு அனுப்ப, பெறுபவரும் வங்கியில் பதிந்து ஏழிலக்கக் குறியீடு ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். சாதாரணக் கைபேசிகளுக்கான ஸ்டார் 99 ஹேஷ் சேவை 2014-இல் நாடு முழுவதும் வந்தது. ஒவ்வோர் அழைப்புக்கும் தொலைபேசி நிறுவனம் ஒன்றரை ரூபாய் வரை பெறலாம் என்று டிராய் வரம்பிட்டிருந்தது. ஐம்பது ரூபாய் அனுப்பவும் அது உண்டு. இணைப்பு அறுந்து மீண்டும் அழைத்தால் மீண்டும் உண்டு. இந்தச் சேவை பெரிதாகப் பரவவில்லை.

யுபிஐயின் எழுச்சி

2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் யுபிஐயைத் தொடங்கிவைத்தார். 21 வங்கிகள் சேர்ந்தன. ஆகஸ்ட் இறுதியில் செயலிகள் மக்களுக்குக் கிடைத்தன. பணம் வங்கிக் கணக்கிலேயே இருக்கும். ஆனால் அதை இயக்கும் செயலி எந்த நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம் என்பதே யுபிஐயின் அடிப்படைக் கருத்து. ஒரு வங்கியின் கணக்கை மற்றொரு நிறுவனத்தின் செயலியில் வைத்து, மூன்றாவது செயலி பயன்படுத்தும் ஒருவருக்கு அனுப்பலாம். கென்யா பதினோர் ஆண்டுகள் கழித்துப் பெற்ற பொதுத்தன்மை யுபிஐயில் முதல் நாளிலேயே இருந்தது.

மூன்று சூழல்கள் இதற்குத் துணை நின்றன. 2014-இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தால் கோடிக்கணக்கானோருக்கு வங்கிக் கணக்கு கிடைத்திருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் வெகுவாகச் சரிந்தது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டு, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு ஒரே இரவில் செல்லாக்காசாயிற்று. அந்நெருக்கடியில் முதலில் பயன்பெற்றவை மின்பணப்பைகள். நிலைத்துப் பயன்பெற்றது யுபிஐ. டிசம்பர் 30 அன்று பீம் செயலியும், 2017 செப்டம்பரில் கூகுளின் தேஸ் செயலியும் வந்தன. தேஸ் பின்னர் கூகுள் பே ஆயிற்று.

மாதப் பரிவர்த்தனைகள் 2019 அக்டோபரில் 100 கோடியைத் தொட்டன. 2023 ஆகஸ்டில் 1,000 கோடியைக் கடந்தன. தேநீர்க்கடை, காய்கறித் தள்ளுவண்டி, பூக்கடை எங்கும் கியூஆர் குறி அட்டைகள் தொங்கின. ரொக்கத்துக்கு மாற்றவேண்டிய தேவையே குறைந்ததால், முகவர் என்னும் செலவுமிக்க கண்ணி பல இடங்களில் வேண்டாததாயிற்று. வோடபோன் எம்-பெசாவுக்கு இனி இடமில்லை.

வருவாய் எங்கே?

பரிவர்த்தனைகள் பெருகிய அளவுக்கு வருவாய் பெருகவில்லை. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ, ரூபே டெபிட் அட்டை ஆகியவற்றுக்கு வணிகர் தள்ளுபடிக் கட்டணம் சட்டத்தால் நீக்கப்பட்டது. கடைக்காரர் ஏற்கத் தயங்கக் கூடாது என்பது நோக்கம், அது நிறைவேறியது. ஆனால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கிக் கணினி, மோசடிக் கண்காணிப்பு, குறைதீர்ப்பு எனச் செலவு உண்டு. அதை ஈடுசெய்ய அரசு ஊக்கத்தொகை அளிக்கிறது. 2022-23 ஆம் ஆண்டுக்கு 2,600 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தரப்பட்டது. 2024-25 ஆம் ஆண்டுக்கு ஒப்புதல் பெற்றது சுமார் 1,500 கோடி. பரிவர்த்தனை ஏற, ஊக்கத்தொகை இறங்கியது.

எனவே நிறுவனங்கள் பணப் பரிமாற்றத்தை வாடிக்கையாளரை ஈர்க்கும் வாயிலாகக் கருதி, வருவாயைப் பிற வழிகளில் தேடின. பணம் வந்ததைத் தமிழிலும் பிற மொழிகளிலும் அறிவிக்கும் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை, கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் கடன் பெற்றுத் தருவதற்கான தரகு, காப்பீட்டு விற்பனை, விளம்பரம் ஆகியவை அவை. 2022-இல் ரூபே கடன் அட்டையை யுபிஐயோடு இணைக்க அனுமதி கிடைத்ததும், 2023 ஏப்ரல் முதல் பணப்பை வழியே 2,000 ரூபாய்க்கு மேல் வணிகருக்குச் செலுத்தினால் 1.1 விழுக்காடு வரை வங்கிகளிடை கட்டணம் வந்ததும் கட்டணத்துக்கான சிறு வாயில்கள்.

வைப்புத்தொகை பெறலாம், கடன் தரக்கூடாது என்ற விதியோடு 2015-இல் 11 விண்ணப்பங்களுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் பெற்ற பேமென்ட்ஸ் வங்கிகளின் கதையும் இதையே கூறுகிறது. பரிமாற்றத்தில் கட்டணம் இல்லை, கடனில் வட்டி இல்லை என்றால் நிறுவனம் எதைக்கொண்டு நடக்கும்? பல நிறுவனங்கள் தொடங்கும் முன்பே விலகின. சில தொடங்கி மூடின.

கட்டணமில்லாச் சந்தையில் நீண்ட நாள் இழப்பைத் தாங்கும் பெருநிறுவனங்களே நிலைக்க முடிந்தது. போன்பே, கூகுள் பே ஆகிய இரண்டும் சேர்ந்து யுபிஐ பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வைத்துள்ளன. எந்தச் செயலியும் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் அறிவிக்கப்பட்ட வரம்பு, ஒத்திவைக்கப்பட்டு இப்போது 2026 டிசம்பர் வரை தள்ளிப்போயுள்ளது. கென்யாவில் கட்டணம் ஒரு நிறுவனத்தின் ஆதிக்கத்தை வளர்த்தது. இந்தியாவில் கட்டணமின்மை இரு நிறுவனங்களின் ஆதிக்கத்தை வளர்த்தது.

பரிவர்த்தனையின் தடம் என்பது இன்னொரு விலை. 2025 ஜூலையில், யுபிஐ வரவுகளின் அடிப்படையில் கர்நாடக வணிகவரித் துறை சிறு வணிகர்களுக்கு அறிவிப்பு அனுப்பியதும், பெங்களூரின் கடைகள் சிலவற்றில் ரொக்கம் மட்டும் என்ற பலகைகள் தோன்றின.

இலங்கையின் இடைவழி

இலங்கை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேர்ந்தது. 2012-இல் டயலொக் நிறுவனத்தின் ஈசி கேஷ் சேவைக்கு இலங்கை மத்திய வங்கி அனுமதி அளித்தது. வங்கிக் கணக்கு இல்லாதவரும் கைபேசி எண்ணிலேயே பணம் வைக்கவும், முகவரிடம் ரொக்கம் எடுக்கவும் இதில் முடியும். மக்களின் பணத்துக்கு ஈடான தொகை வங்கியில் அறங்காவலாக இருக்கும். 2024 பிப்ரவரியில் இந்தியாவின் யுபிஐ சேவையும் இலங்கையில் தொடங்கப்பட்டது. இந்தியப் பயணிகள் அங்குள்ள கடைகளில் தம் செயலியிலேயே பணம் செலுத்தலாம்.

மதிப்பீடு

கைபேசிப் பணம் ஒரு தொழிலாக வளருமா என்ற கேள்விக்கு, கைபேசிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் விடை சொல்ல முடியாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. வங்கிகள் எட்டாத நாட்டில், ரொக்கத்தை மாற்றித் தரும் முகவருக்குக் கூலி கிடைக்குமானால், பரிமாற்றக் கட்டணமே ஒரு தொழிலை நிறுத்தும். அந்தக் கூலியைக் கடைசியில் கொடுப்பவர் ஊருக்குப் பணம் அனுப்பும் ஏழைத் தொழிலாளி. வங்கிக் கணக்கு ஏற்கெனவே பரவிய நாட்டில், பரிமாற்றம் சாலையையும் தெருவிளக்கையும் போன்ற பொது வசதியாகிறது. அதைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. ஆனால் அதைப் பராமரிக்கும் செலவு இல்லாமல் போவதில்லை. வரிப்பணமாகவோ, கடன் வட்டியாகவோ, தனிமனித விவரங்களாகவோ அது எங்கிருந்தேனும் வசூலாகிறது.

எம்-பெசா அனுப்புபவரிடமே கூலி கேட்டது. அதனால் யார் கொடுக்கிறார், எவ்வளவு கொடுக்கிறார் என்பது ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் தெரிந்தது. யுபிஐயில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தச் செலவை நெடுங்காலத்துக்கு யார் ஏற்பது என்பது இன்னும் தீராத கேள்வியாகவே உள்ளது.